ஐந்தாவது காது

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் பெட்டி இருக்கிறது. ஸ்டூலில் உட்காருங்கள். செருப்பை வெளியே விட்டீர்களா? சரி.

காபி கிடையாது. எனக்கு ஒருவனுக்குப் போட்டுக்கொள்வதே அலுப்பு.

கடிதம் வந்தது. படித்தேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் போதும். பெயர் வளர்மதி. அப்பா குப்புராசு. மலையில் அணைக்கட்டுச் சுரங்கத்தில் செத்தவர். கூடச் செத்தவர்கள் ஆறு பேர். சுரங்க வாசலில் கல் நட்டு ஆறு பேர் பெயரை மட்டும் வெட்டினார்கள். ஆபத்து வந்தபோது குப்புராசு தொலைபேசியில் கத்தி எச்சரிக்கவில்லை, அவரால்தான் ஆறு பேர் போனார்கள் என்று முடிவு. இப்போது பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் நடப்போகிறார்கள். அதில் ஏழாவது பெயர் வேண்டும். அத்தாட்சி கொண்டுவா என்கிறார்கள், பதினைந்தாம் தேதிக்குள். அத்தாட்சி என்னிடம் இருக்கிறது என்று லூர்துமேரி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதானே? இதற்கு மூன்று பக்கம்.

‘வாயடைச்சான் மகள்’ என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று ஒரு பத்தி. அது எதற்கு எனக்கு? பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும்.

இருங்கள், பேச வேண்டாம். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியும். அதுதான் என் தொழில். முப்பத்து மூன்று வருடம் செய்தேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேளுங்கள்.

மனிதன் பேசுகிறான். அதை எண்ணாக மாற்றிக் கம்பியில் அனுப்ப வேண்டும். முழுக் குரலையும் அனுப்பினால் கம்பி தாங்காது. அந்தக் காலத்துக் கம்பி. அதனால் முழுக் குரலை அனுப்பக் கூடாது. ஊகிக்க வேண்டும். இந்த முனையில் ஒரு பெட்டி, அந்த முனையில் ஒரு பெட்டி. இரண்டும் ஒரே மாதிரி ஊகிக்கும். இதுவரை இப்படிப் பேசினான், அடுத்து இங்கேதான் போவான் என்று. பிசகினால் அந்தப் பிசகை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு படி மேலே, ஒரு படி கீழே. அவ்வளவுதான். அந்த முனைப் பெட்டி அந்தப் படிகளை வைத்துக் குரலைக் கட்டிக்கொள்ளும்.

படி எவ்வளவு உயரம்? அங்கேதான் மூளை வேண்டும். மெல்லப் பேசினால் சின்னப் படி. உரக்கப் பேசினால் பெரிய படி. பெட்டி தானே பார்த்துப் பார்த்துப் படியை மாற்றிக்கொள்ளும். எவ்வளவு வேகத்தில் மாற்ற வேண்டும் என்பதைப் பெட்டியைச் செய்கிறவன் முன்பே வைக்க வேண்டும். மற்றவர்கள் அவசரமாக வைத்தார்கள். யாராவது தும்மினால் பெட்டி துள்ளும். பிறகு பேச்சில்லாத நேரத்தில் கரகரவென்று இரைச்சல். நான் நிதானமாக வைத்தேன். என் பெட்டி துள்ளாது. பேசாதபோது அப்படி ஓர் அமைதி வேறு எவன் பெட்டியிலும் கிடையாது. வெளிநாட்டுக்காரன் பெட்டியிலும் கிடையாது.

பதினொரு வருட வேலை அம்மா அது. பெங்களூரில், அரசாங்க ஆய்வகத்தில். அதோ நாற்காலியில் இருக்கிறதே, அதுதான் முதல் ஜோடி. வேலையை விட்டு வரும்போது கேட்டு வாங்கி வந்தேன். தினமும் துடைக்கிறேன்.

அந்த அத்தாட்சித் தாளைப் பற்றித்தானே? வருகிறேன்.

பெட்டி தேற வேண்டுமென்றால் ஐந்து காது வேண்டும். விதி. ஐந்து பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, பெட்டி வழியாக வரும் குரலைக் கேட்கச் சொல்வோம். ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். ஒன்று என்றால் ஒன்றும் புரியவில்லை. ஐந்து என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. சராசரி நான்கு வந்தால் தேறியது.

குரல் என்னுடையது. பத்து வாக்கியம். ‘நாளை காலை வண்டி எட்டு மணிக்குப் புறப்படும்.’ ‘தோட்டத்தில் இரண்டு தென்னை மரங்கள் இருக்கின்றன.’ இப்படி. நானே படித்துப் பதிவுசெய்தேன். என் குரல் ஏறாது, இறங்காது. சோதனைக்கு அதுதான் வேண்டும். நான் கத்துகிற ஆள் இல்லை. வீட்டிலும் கத்தியதில்லை. வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள். எங்கே கேட்பீர்கள், அவள் மகன் வீட்டுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போகும்போது வாசலில் நின்று என்னவோ சொன்னாள். தெரிந்ததுதான்.

காதுகளில் நான்கு பேர் என் கீழ் வேலை பார்த்த பொறியாளர்கள். நல்ல பையன்கள். ஐந்தாவது லூர்துமேரி. தூத்துக்குடிக்காரி. டிரங்க் டெலிபோனில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற ஆபரேட்டராகப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு எங்களிடம் மாற்றலாகி வந்தவள். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. காது மட்டும் பேய்க் காது. மூன்று மாடி கீழே லிஃப்ட் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பாள். போய்ப் பார்த்தால் சாத்தியிருக்காது. எனக்குப் பிடிக்காது. வேலை பார்க்கிற இடத்தில் எதற்கு இதெல்லாம்?

பையன்கள் நான்கு போடுவார்கள், ஐந்து போடுவார்கள். இவள் இரண்டு போடுவாள். ஒவ்வொரு முறையும் இரண்டு.

கூப்பிட்டுக் கேட்டேன். “என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல சார். உங்க குரல் கணீர்னு வருது.”

“பிறகு ஏன் இரண்டு?”

“உங்க குரல் மட்டுந்தானே சார் வருது.”

பார்த்தீர்களா வாயை?

கடைசிச் சோதனை. மேலிடத்திலிருந்து ஆள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு. பத்து வாக்கியமும் முடிந்தது. பையன்கள் ஹெட்போனைக் கழற்றவில்லை. இவள் எழுந்து போய் மைக் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். யாரைக் கேட்டு? கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளியே வந்தாள். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“கேட்டுச்சா?” என்றாள்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் சொன்னான், “நீங்க கனைச்சது கேட்டுச்சு மேடம்.”

“கனைச்சேனா? தொண்டை கிழியக் கத்தினேன் தம்பி!” என்னிடம் திரும்பினாள். “சார், சும்மா இருந்துட்டு திடீர்னு கத்தினா உங்க பெட்டி முழுங்கிடுது சார்.”

மைக் அறை சத்தம் வெளியே போகாத அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. அவள் கத்தினாள் என்பதற்கு அவள்தான் சாட்சி. வேறு யாரும் இல்லை. நீங்களே சொல்லுங்கள், ஒருத்தி கத்தினேன் என்கிறாள், நான்கு பேர் கனைப்பு என்கிறார்கள். நான் யாரை நம்புவது?

“டெலிபோனில் எவன் சும்மா இருந்துவிட்டுக் கத்துவான்?” என்றேன்.

“பன்னெண்டு வருஷம் டிரங்க்ல கேட்டிருக்கேன் சார். சாவுச் சேதி வந்தா அப்படித்தான். முதல்ல மூச்சே வராது. அப்புறம் ஒரேயடியா வரும்.”

“உட்கார்” என்றேன். உட்காரவில்லை. அன்று சாயந்தரம்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தாள். திமிர்.

மதிப்பெண் தாளில் ஒன்று போட்டாள். பக்கத்தில் தமிழில் எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். நான் சிவப்பு மையில் அடித்தேன். ஸ்கேல் வைத்து அடித்தேன், கோணல் இல்லாமல். பொருந்தாத மதிப்பெண்ணை நீக்கலாம் என்று விதி இருக்கிறது. மற்ற நான்கு பேர் சராசரி நாலேகால். தேறியது. அறிக்கையில் ‘ஐந்து பேர் கேட்டனர்’ என்று எழுதினேன். ஐந்து பேர் கேட்டார்கள்தானே? பொய் எங்கே இருக்கிறது?

மின்விசிறியைக் குறைக்கவா? இல்லையா? பின் ஏன் அதையே பார்க்கிறீர்கள்?

சரி, உங்கள் சுரங்கம். என் பெட்டியை முதலில் கேட்டு வாங்கியவர்கள் உங்கள் அணைக்கட்டுக்காரர்கள்தான். நீளமான கம்பி, ஈரத்தில் ஊறிய கம்பி. வேறு எந்தப் பெட்டியும் அதில் வாய் திறக்கவில்லை. என் பெட்டி பேசியது. எட்டு மாதம், ஒரு புகார் கிடையாது.

எப்படி நடந்தது என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களுக்கு அப்போது ஆறு வயது. நான் வரைபடத்தையே பார்த்தவன். சரிவான சுரங்கம். அடிக்கோடியில் ஒருவர் தொலைபேசியோடு நிற்பார். உங்கள் அப்பா. மேலே வாசலில், டிராலியை வடத்தில் இறக்கி ஏற்றுகிற வின்ச்சை ஓட்டுகிறவன் காதில் இன்னொரு தொலைபேசி. லைன் திறந்தே கிடக்கும். பேச்சு கிடையாது. கீழே ஏதாவது என்றால் கத்த வேண்டும், மேலே வின்ச்சை நிறுத்திவிடுவான். அன்றைக்கு டிராலியில் ஆறு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பாறை பிளந்து தண்ணீர் வந்தது. வின்ச் நிற்கவில்லை. டிராலி நேரே தண்ணீருக்குள் போனது.

விசாரணையில் வின்ச்காரன் அழுதுகொண்டே சொன்னான். “ஒரு கனைப்புதாங்க வந்துச்சு. குப்புராசண்ணன் பீடிக்காரரு. எப்பவும் கனைப்பாரு. அதான் விட்டேன்.”

கனைப்பு. அதே சொல். எனக்கும் அப்போது அது காதில் விழுந்தது, விழவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் எல்லோரும்தான் கனைக்கிறார்கள்.

விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பெட்டியில் குறை உண்டா என்றார். இல்லை, ஐந்து பேர் கேட்டுத் தேற்றியது என்றேன். தட்டச்சு அறிக்கையைக் கொடுத்தேன். மதிப்பெண் தாளை அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

லூர்துமேரி வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மலையேறி வந்திருக்கிறாள். கதவருகில் குடையோடு நின்றுகொண்டு, “ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லணும்” என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். “யாரு இந்தம்மா?”

“காது சரியில்லாததால் விலக்கப்பட்டவர்” என்றேன்.

மூன்றே சொல். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை நான். அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை.

சொன்னதை மெய்யாக்க வேண்டுமே. அடுத்த வாரம் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒருத்தியை மட்டும் சோதித்தால் பழிவாங்குவதுபோல் இருக்கும், அதனால் என் காதையும் பார்க்கச் சொன்னேன். ஒப்புக்குத்தான். அந்த டாக்டர் மரியாதை தெரியாத ஆள். எங்கள் இருவர் சோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். “சார், நீங்க இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா, இவங்க உங்களைக் கூட்டிட்டு வந்தாங்களா?”

அவள் சிரிக்கவில்லை. அதற்காக ஒரு நன்றி சொல்லலாம்.

அந்த இரண்டு தாளும் கோப்புக்குப் போகவில்லை. அவளை ஸ்டோருக்கு மாற்றினேன். திருகாணி, ஒயர் எடுத்துக் கொடுக்கிற வேலை. காது தேவைப்படாது. பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்து ஓய்வுபெற்றாள். சம்பளம் குறையவில்லை. இப்போது உங்களை அனுப்பியிருக்கிறாள்.

விசாரணை முடிவில் எழுதினார்கள்: ‘சுரங்கத்தின் உள்ளிருந்து எச்சரிக்கைக் குரல் எதுவும் எழுப்பப்படவில்லை.’ நல்ல வாக்கியம். நான் எழுதியதில்லை. அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

இதோ, தாள். இருக்கிறது, ஏன் இருக்காது? நான் எதையும் கிழிப்பதில்லை. தொட வேண்டாம், அங்கிருந்தே பாருங்கள். நான்கு, நான்கு, ஐந்து, நான்கு. இது அவள் போட்ட ஒன்று. சிவப்புக் கோட்டுக்கு அடியிலும் எழுத்துத் தெரிகிறது பாருங்கள். அந்தக் காலத்து மை. ‘அமைதிக்குப் பின் கத்தினால் கேட்கவில்லை.’ தேதி இருக்கிறது. உங்கள் அப்பா சாவதற்கு ஒன்பது மாதம் முன்பு.

அழுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் அந்தத் துண்டை அங்கே மடித்து வைத்தேன். துடைத்துக்கொள்ளுங்கள்.

தர முடியாது. இதுதான் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். ஃபோனில் படம் எடுக்கவும் கூடாது. அதை உள்ளே வையுங்கள். வைத்தாயிற்றா? இந்தத் தாள் வெளியே போனால் என்ன சொல்வார்கள்? பதினொரு வருடம் ஒருவன் செய்த வேலை ஆறு பேரைக் கொன்றது என்பார்கள். ஏழு என்பார்கள். கல்லில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? செத்தவர் வந்து படிக்கப்போகிறாரா? மழையும் வெயிலும் படும். நாற்பது வருடத்தில் அந்தக் கல்லே தேய்ந்து, மாற்றுகிறார்கள்.

என்ன?

சத்தமாகச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் எப்படி? இல்லை, இல்லை, காலில் எல்லாம் விழ வேண்டாம். அது இல்லையா? பின் என்ன?

பெட்டி இப்போதும் வேலை செய்யுமா என்றா?

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

செய்யும். ஏன் செய்யாது? மின்சாரம் கொடுத்தால் இப்போதே பேசும். ஏன் கேட்கிறீர்கள்? நீங்கள் கத்திக் காட்டப்போகிறீர்களா?

நல்லது. நல்லது அம்மா. இப்படி ஒருவர் நேருக்கு நேர் கேட்க நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. பெட்டியை வைத்துத்தான் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். செய்துவிடுவோம். நீங்கள் இங்கே கூடத்தில் மைக்கின் முன்னால். நான் உள்ளறையில் ஹெட்போனோடு, கதவைச் சாத்திக்கொண்டு. பெட்டி உங்கள் கத்தலை விழுங்கினால் தாள் உங்களுடையது. பின்னால் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். விழுங்காமல் வந்தால் நீங்கள் எழுந்து போய்ப் பஸ் பிடிக்க வேண்டும். லூர்துமேரியிடமும் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் நான் போடுவேன். வேறு யார் இருக்கிறார்கள் இங்கே?

இருங்கள், ஒயரை இழுத்துப் போகிறேன். இந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் பேசாமல் உட்காருங்கள். பத்துவரை மனதில் எண்ணுங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் கத்துங்கள். உங்கள் அப்பா என்ன கத்தியிருப்பார் என்று தோன்றுகிறதோ அதை. வெட்கப்பட வேண்டாம். இந்தக் குடியிருப்பில் சுவரெல்லாம் காகிதம், எதிர் வீட்டு ராமசேஷன் தும்மினால் இங்கே கேட்கிறது என்று என் மனைவி சொல்வாள். நான் ஒரு தும்மலும் கேட்டதில்லை.

தாளை நான் கையோடு கொண்டுபோகிறேன். விட்டுவிட்டுப் போவேன் என்று நினைத்தீர்களா?

*

ஆயிற்றா?

என்ன அம்மா, கத்துகிறேன் என்றீர்கள். உள்ளே உட்கார்ந்து முழுதாக நான்கு நிமிடம் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. அமைதி. என்ன அமைதி தெரியுமா! நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு கரகரப்பு இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. நடுவில் ஒரே ஒரு கனைப்பு. தொண்டையைச் சரிசெய்துகொண்டீர்கள்போல. அது சுத்தமாகக் கேட்டது. ஆம்பளைக் கனைப்பா, பொம்பளைக் கனைப்பா என்பதுவரை தெரிந்தது.

நான்கு போட்டிருக்கிறேன். பாருங்கள், லூர்துமேரி கோட்டுக்கு நேர் கீழே, இன்றைய தேதியோடு. ஐந்து காதும் சரியாகிவிட்டது.

ஏன் முகம் இப்படிச் சிவந்திருக்கிறது? கழுத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். பானை அங்கே இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்? வாய்தான் அசைகிறது, குரலே வரவில்லையே. தொண்டை கட்டிக்கொண்டதா? பயணத்துத் தூசி. ஊர் போய் உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள்.

தாளைப் பார்க்க வேண்டாம். பேசியது பேசியதுதான். கத்தச் சொன்னேன், கத்தவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உங்கள் அப்பாவும் கடைசி நேரத்தில் இப்படித்தான் பயந்து வாயடைத்துப்போயிருப்பார். பெரிய தப்பில்லை. மனித சுபாவம்.

கதவு ஏன் ஆடுகிறது?

யாரோ இடிக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பாருங்கள். ராமசேஷனா? பின்னால் யார், மாடிக்காரர்களா? அவ்வளவு பேருமா? எதற்கு இப்படி ஓடி வந்திருக்கிறார்கள்? அவர் கையில் என்ன, கடப்பாரையா?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய்க் கதவைத் திறங்கள் அம்மா. திறந்து, உங்கள் வாயாலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே யாரும் கத்தவில்லை என்று.